பொட்டு வைத்த ஆம்ப்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. சொல்லாத இடங்களில் என் முகம் சொல்லிவிடுகிறது என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, ஓசூரில் ஜூஜுவாடிப் பக்கம் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் ஒரு கிட்டார் வாங்கினேன். சாதாரணக் கிட்டார் இல்லை, எலக்ட்ரிக். நடுவில் ஓட்டை வைத்த மரக் கிட்டாரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், எலக்ட்ரிக் கிட்டார் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு உரியது என்பது அப்போது என் எண்ணம்.

படித்தவள் ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். எலக்ட்ரிக் கிட்டார் என்பது உள்ளே காலி இடமே இல்லாத கனமான பலகை. அதன் சத்தத்தைப் பெரிதாக்க ஆம்ப் என்று தனியாக ஒரு பெட்டி வேண்டும். அது இல்லாமல் மீட்டினால், ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரிதான் கேட்கும். போனில் வீடியோ பார்த்து, விடுதி அறையில் அந்த ரப்பர் பேண்டைத்தான் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தேன். அறையில் இருந்த மற்ற பெண்களுக்கு இதில் எந்தப் புகாரும் இல்லை. அவ்வளவு நல்ல அண்டை வீட்டு வாத்தியம்.

அம்மா உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறாள். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் விடியும் முன்பே பூ வெட்டி, அளவு பார்த்துக் கட்டுகிற வேலை. தங்குவதும் அங்கேதான். எப்போதாவது என்னைப் பார்க்க வருவாள். அப்படி வந்த ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து நான் வாசிப்பதைப் பார்த்தாள்.

"என்னாத்துக்கு பாப்பா இது? சத்தமே வராத சாமானை எவ்ளோ நேரம் சொறிஞ்சிகினு இருப்ப?"

"சத்தம் வரும்மா. அதுக்கு இன்னொரு பெட்டி வேணும்."

"அப்போ கடைக்காரன் உனக்குப் பாதிதான் குடுத்தானா?"

படித்த பெண்ணைப் பெற்றவள் கேட்கிற கேள்வியா இது? இதற்கு நான் வாயால் பதில் சொல்லப் போவதில்லை, ஒருநாள் அம்மா தன் காதாலேயே கேட்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அம்மாவும் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். நான் உடனே எங்கள் லைன் லீடர் அக்காவிடம் போய், பூஜை முடிந்ததும் கிட்டார் வாசிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன். அக்கா மதுரைப் பக்கம். ஓசூருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சு இன்னும் வைகைக் கரையிலேயே இருக்கிறது.

"வாசி தாயி. ஆனா எங்களுக்குக் கேக்குமா, இல்ல உனக்கு மட்டும் கேக்குமா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆம்ப் வாங்குவது அந்த நிமிஷத்தில் கௌரவப் பிரச்சினையாக மாறியது.

புது ஆம்ப் எனக்குக் கட்டுப்படியாகாது. பழைய சாமான் விற்கும் ஆப்பில் தேடியதில், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒன்று இருந்தது. பூஜைக்கு முந்தின நாள் பகல் ஷிப்ட் இல்லை என்பதால் கிளம்பிப் போனேன். விற்றவர் கம்ப்யூட்டர் வேலைக்காரர். சுவரில் வரிசையாகக் கிட்டார்கள் தொங்கின. சத்தம் தாங்கவில்லை என்று கீழ் வீட்டார் புகார் கொடுத்ததால் ஆம்பை விற்கிறாராம்.

"இது சாலிட் ஸ்டேட்தான் மேடம், ட்யூப் இல்ல. முன்னாடியே சொல்லிடறேன்," என்றார், பெண்ணுக்கு ஒரு கண் மங்கல் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்கிறவர் மாதிரி.

பழைய ரேடியோக்களில் ஒளிர்ந்த கண்ணாடிக் குழாய்கள் இன்றைக்கும் உசத்தியான ஆம்புகளில் மட்டும் உயிரோடு இருக்கின்றன. சாலிட் ஸ்டேட் என்றால் குழாய் கிடையாது, டிரான்சிஸ்டர்தான். கிட்டார்காரர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள்.

"தெரியும். நான் எலக்ட்ரானிக்ஸ்," என்றேன்.

"ஓ," என்றார். அந்த 'ஓ'வில் மரியாதை எவ்வளவு என்று என்னால் அளக்க முடியவில்லை.

கம்பெனியில் வருகிற பாகங்களைச் சோதிப்பது போலவே அந்தப் பெட்டியைச் சோதித்தேன். கவிழ்த்துப் பார்த்தேன். பின்பக்கம் மூக்கை வைத்துத் தீய்ந்த வாசனை வருகிறதா என்று முகர்ந்தேன். ஒயர் சொருகும் துளையை ஆட்டிப் பார்த்தேன். குமிழ்களைத் திருகினேன். ஒன்று மட்டும் கரகரத்தது. அதற்கு ஏற்ற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டேன், பேரத்துக்கு உதவும்.

"வாசிச்சே பாத்துடுங்களேன்," என்று சுவரிலிருந்து ஒரு கிட்டாரை எடுத்து நீட்டினார்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு. அதை அந்தச் சுவருக்கு முன்னால் வாசிக்க எனக்கு மனமில்லை.

"நீங்களே வாசிங்க. தள்ளி நின்னு கேட்டாத்தான் குறை தெரியும்," என்றேன்.

அவர் வாசித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கம்பி ஒவ்வொன்றும் அழுதது, சிரித்தது, கடைசியில் தேன் மாதிரி இழுபட்டு அடங்கியது. அது அவருடைய விரல், பெட்டி இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் விரல் விற்பனைக்கு இல்லை, பெட்டிதான் இருந்தது. வாங்கிவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கன்னடத்தில், "ஹோய்தா?" என்று கேட்டது. போயிற்றா என்று.

"ஹோய்து," என்றார் அவர், சோகமாக.

பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைக் காலால் தொட்டுப் பார்த்து, "இதேனம்மா? டிவியா?" என்றார்.

"கிட்டார் ஆம்ப்."

"ஸ்பீக்கரா?"

"ஸ்பீக்கர் மாதிரி. ஆனா வெறும் ஸ்பீக்கர் இல்ல."

"ஏனாதரூ ஆகலி, லக்கேஜ் டிக்கெட் எடு," என்றார். எதுவாக இருந்தாலும் சரி என்று அர்த்தம். என் விளக்கத்தைக் கேட்க ஆள் இல்லாமலே எல்லையைத் தாண்டினோம்.

விடுதியில் வைக்க விட மாட்டார்கள் என்பதால், அங்கிருந்து கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியோடு கம்பெனிக்குப் போனேன். உள்ளே எல்லாரும் காட்டன் வேஸ்ட்டில் டீசலைத் தொட்டு மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சோதனை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஆம்பின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். ரப்பர் பேண்ட் இல்லை. கிட்டார். மீதியை நாளைக்கு என்று அணைத்துவிட்டேன்.

மறுநாள் அம்மா ஒரு பை நிறைய ரோஜாவோடு வந்தாள். ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கியவை. எங்கள் ஊரில் அதைவிட நல்ல பூ யாரும் பார்த்ததில்லை. அம்மாவை உட்கார வைத்துவிட்டு, கிட்டாரை உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு, வாழைக்கன்று கட்டப் போனேன். ஆம்பை எங்கள் வரிசையின் கடைசி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மைக் செட்காரர் தூண்களில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் காலையிலிருந்து சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் வந்தார், மணி அடித்தார், மெஷின் மெஷினாகத் தீபம் காட்டிக்கொண்டே போனார். பூசணிக்காய் உடைந்தது. ஃபோர்க்லிஃப்ட் எலுமிச்சம்பழங்களின் மேல் ஏறி இறங்கியது.

நான் ஆம்பிடம் போனபோது அதை அடையாளம் தெரியவில்லை. முன்பக்கத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். ஒவ்வொரு குமிழுக்கும் தனித்தனியாகப் பொட்டு. கைப்பிடியில் ரோஜாச் சரம். வரிசையில் இருந்த எந்த மெஷினுக்கும் இவ்வளவு அலங்காரம் இல்லை. பக்கத்தில் அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருக்காங்க, உன் பொட்டி மட்டும் மூளியா நிக்குது. மனசு கேக்கல பாப்பா. ஐயரு இதுக்கும் சூடம் காட்டினாரு."

நான் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன். லைன் லீடர் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பூஜை போட்டதை அன்றைக்கு ஓட்டக் கூடாது. மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். கம்பெனி முழுக்க அன்று அதற்காகத்தான் நிற்கிறது.

"அக்கா, இது மெஷின் இல்லக்கா."

"கரண்டுல ஓடுதா?"

"ஓடும்."

"அப்ப மெஷின்தேன்."

"அப்போ மைக் செட் மட்டும் ஓடுதே?"

"அதுக்கு யாரு பொட்டு வச்சா?"

எல்லாரும் மைக் செட்காரரைப் பார்த்தோம். "நான் நாளைக்குத்தாங்க கடையில பூஜை போடுவேன். இன்னிக்கு இதுக்குப் பொட்டு வெச்சுட்டா உங்களுக்கு யாரு பாட்டுப் போடறது?" என்றார் அவர். அந்த நியாயத்தில் என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்கு வாசி. பொட்டி எங்க ஓடிப் போவுது?" என்றாள் அம்மா.

"நாளைக்கு நீ இருக்க மாட்டியேம்மா."

"நீ வாசிக்க நான் என்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, கேன்டீன் அம்மாவிடம் பேசப் போய்விட்டாள். சாயந்திர பஸ்ஸில் அவள் பண்ணைக்குத் திரும்ப வேண்டும்.

அப்போதுதான் மைக் ஒயரின் முனையைக் கவனித்தேன். என் கிட்டார் ஒயரின் முனையும் அதே அளவு.

"அண்ணா, ஒரு மைக்கைப் புடுங்கிட்டு இதைச் சொருகட்டுமா?"

"ஷாக் அடிக்காதே?"

"நான் எலக்ட்ரானிக்ஸ்ணா."

"அதான் பயமா இருக்குது," என்றார். ஆனாலும் நகர்ந்து இடம் விட்டார்.

எல்லாருக்கும் தெரிந்த ஓர் அம்மன் பாட்டின் மெட்டைத் தொடங்கினேன். தூண்களிலிருந்து சத்தம் தகர டப்பாவுக்குள் மீட்டிய மாதிரி வந்தது. ஆனால் வந்தது. ஷெட் முழுக்கக் கேட்டது. என் விரல் எங்கேயும் தடுமாறவில்லை. மாதக்கணக்கில் பழகியது வீண் போகவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையிலிருந்து பாட்டு வந்த அதே ஸ்பீக்கர். இதுவும் செட்காரர் போட்டது என்று நினைத்துவிட்டார்கள். பொரி தின்றுகொண்டிருந்த ஒருவர் அவரைப் பார்த்து, "அண்ணே, வெறும் மியூசிக்கா வருது, பாட்டு வர்றதாப் போடுங்க," என்றார். நான் கிட்டாரோடு நின்றது அவருக்கு, கல்யாண வீட்டில் ஆல்பத்துக்கு நிற்கிற மாதிரி இருந்திருக்க வேண்டும். அம்மா எனக்கு முதுகு காட்டியபடி கேன்டீன் அம்மாவிடம் ரோஜா விலை பேசிக்கொண்டிருந்தாள். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வாசித்ததில் விரல் வழுக்கிவிட்டது.

தப்பான சுரம் எல்லாத் தூண்களிலிருந்தும் ஒரே நேரத்தில் அலறியது.

பொரி மெல்லும் சத்தம் நின்றது. அம்மா திரும்பினாள். முதலில் தூணை அண்ணாந்து பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். நான் ஒரு வரி பின்னால் போய் அந்த இடத்தை மறுபடி வாசித்தேன்.

"அட, இவதேன் வாசிக்கிறா," என்றார் லைன் லீடர் அக்கா.

அம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்து எனக்கு எதிரே நின்றாள். முடியும் வரை அங்கிருந்து நகரவில்லை.

சாயந்திரம் இனிப்புப் பெட்டியும் பொரிப் பையுமாக அவளை பஸ் ஏற்றப் போனேன்.

"நல்லா இருந்திச்சி பாப்பா. அந்த ஒரு எடத்துல மட்டும் ஏன் அப்படிக் கத்திச்சி?"

"தப்பா வாசிச்சிட்டேன்மா."

"அப்டியா. அப்பத்தான் எனக்கு நீன்னு தெரிஞ்சிது."

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அடுத்த தபா வரேன், அந்தக் கத்தற எடத்தை மட்டும் இன்னொரு வாட்டி வாசிச்சிக் காட்டு. அது எனக்குப் புடிச்சிருக்குது."

சரிம்மா என்றேன். வேண்டுமென்றே அவ்வளவு சரியாகத் தப்பு செய்வது, படித்தவளுக்கும் லேசில் வருகிற காரியமாக இல்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.