பித்தளைக் கம்பி

ராயப்பராஜை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் முதலில் வருகிறது. திண்டுக்கல்லில் ஒரே பூட்டுப் பட்டறையில் பதினான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அரம் போட்டோம். அராவிய உலோகத் தூள் அவன் நெஞ்சில் இறங்கி, இருமல் நிற்கவே இல்லை. பட்டறையை விட்டால்தான் பிழைப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டுவிட்டு எங்கே போவான், பாவி மனுஷன்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் ஒரு வழி வந்தது. பாட்டுக் கச்சேரிக் குழு வைத்திருந்த அப்பாஸ், மெட்ராசில் யாரோ கழித்துப்போட்ட மலிவான எலெக்ட்ரிக் கிடார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒலிபெருக்கியில் செருகினால் சத்தமே வரவில்லை. அதைச் சரிசெய்து மாதா கோயில் திருவிழாவில் ஒலிக்க வைத்தால், வாத்தியங்களைப் பார்த்துக்கொள்ள ராயப்பராஜைக் குழுவிலேயே சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார்.

மனுஷன் சோறு தண்ணி மறந்தான். கிடார்க் கம்பிகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றியிருந்த செம்பு இழை அறுந்திருந்தது. பழைய ரேடியோ ஒன்றிலிருந்து இழை எடுத்துச் சுற்றினான். அப்பாஸ் வீட்டில் செருகியபோது கணீரென்று பேசியது. அதோடு விட்டிருக்கலாம். பூட்டுக்காரப் புத்தி விடுமா? எங்களுக்கு இரும்பு என்றால் மட்டம், பித்தளை என்றால் உசத்தி. துருப்பிடித்த எஃகுக் கம்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மதுரையில் வீணைக் கடையில் பித்தளைக் கம்பி வாங்கி மாட்டினான். செருகாமல் வெறுங்கையால் மீட்டிக் காட்டினான், நன்றாகத்தான் இருந்தது.

"துருவே ஏறாதுண்ணே, ஆயுசுக்கும் கெடக்கும்" என்றான். நானும் தலையாட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திருவிழா மேடையில் செருகினார்கள். கிடார் ஊமையாகக் கிடந்தது. தான் சுற்றிய இழைதான் அறுந்துவிட்டது என்று பதறி, அத்தனை சனத்துக்கு முன்னால் அதைப் பிரித்தான். அவசரத்தில் நல்லாயிருந்த இழையும் பிய்ந்து வந்தது. அப்பாஸ் கிடாரை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் பட்டறைக்குப் பழைய பித்தளை வந்தது. அதில் இரும்பு கலந்திருக்கிறதா என்று ராயப்பராஜ் வழக்கம்போலக் காந்தத்தை வைத்துப் பார்த்தான். இரும்பு ஒட்டும், பித்தளை ஒட்டாது. அப்படியே கை நின்றுவிட்டது. காந்தம் பிடிக்காத கம்பியை மாட்டினால் காந்தம் வைத்த கிடார் எப்படிப் பேசும்?

"கம்பியையும் இந்தக் காந்தத்த வச்சுப் பாத்துத்தாண்ணே வாங்குனேன்" என்றான். "ஒட்டலன்னு அம்புட்டு சந்தோசப்பட்டேன்."

உடனே போய் அப்பாஸிடம் சொல்லச் சொல்லி விரட்டினேன். போனான். அவர் கேட்டுக்கொண்டாராம். காலையிலேயே வேறு ஆளை வைத்தாகிவிட்டதாம்.

திரும்பி வந்து அரத்தை எடுத்தான். அறுபத்தொன்பதில் நாங்கள் அவனைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவரை அதைக் கீழே வைக்கவில்லை.