மருந்து குடிச்சிட்டாரா?

ஐரின் ஊசி போடாத நர்ஸ். பசுமலையில் இருக்கும் அவள் மாமியாருக்கே இந்த வேலை இன்னும் பிடிபடவில்லை. "அப்ப ஆஸ்பத்திரியில நீ என்னதான் பண்ற?" என்பாள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. மூச்சிரைப்புக்கு வந்திருக்கும் புது மருந்து ஒன்றை அங்கே ஆராய்கிறார்கள். சம்மதித்த நோயாளிகள் காலையில் அதைக் குடிக்க வேண்டும். குடித்தார்களா, உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டுக் குறிப்பது ஐரினின் வேலை. கேட்பதென்ன லேசா? ஒரு வரி பதிலுக்கு ஊர்க்கதை முழுவதும் கேட்க வேண்டும்.

சோழவந்தான் வெள்ளைத்துரை மட்டும் கதை பேச மாட்டார். வெற்றிலைக் கொடிக்கால்காரர். "குடிச்சாச்சும்மா" என்று வைத்துவிடுவார். அன்றைக்கு அவர் போனை எடுக்கவே இல்லை. அவர் கொடுத்திருந்த இன்னொரு எண்ணுக்கு அடித்தாள். அது அவர் மகன் அருள்பாண்டியுடையது. விளாங்குடியில் டயர் கடை வைத்திருக்கிறான்.

மருத்துவமனையின் பேரைச் சொல்லிவிட்டு, "உங்கப்பா மருந்து குடிச்சிட்டாரா?" என்று கேட்டாள்.

கடையில் காற்றடிக்கும் மோட்டார் போட்ட சத்தத்தில் அந்தக் கடைசி 'ரா' அவன் காதில் 'ரு' என்று விழுந்து தொலைத்தது.

"இந்தா வாரேன்" என்றான். போனை வைத்துவிட்டான்.

எதற்கு வருகிறான் என்று யோசித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. விவசாய வீடுகளில் மருந்து குடித்துவிட்டார் என்றால் அது பயிருக்கு அடிக்கிற மருந்துதான். நாக்கிலே சனி. திரும்பத் திரும்ப அடித்தாள். வண்டியில் வருகிறவன் எடுப்பானா? கர்த்தரே, லாரி ஓடுகிற ரோடு, பத்திரமாய் வந்து சேரட்டும் என்று வாசலில் போய் நின்றாள்.

வந்தான். காலில் செருப்பு இல்லை, கையெல்லாம் கிரீஸ். "எங்கப்பா எங்க?"

"தம்பி, அவருக்கு ஒண்ணுமில்ல. நாங்க குடுத்த டானிக்கக் குடிச்சாரான்னுதான் கேட்டேன். என் தப்புதான்."

"அப்ப ஏன் போன எடுக்க மாட்டேங்குறாரு?" என்று தன் போனில் மறுபடியும் அப்பாவுக்கு அடித்தான். "கொடிக்கால்ல எறங்க மாட்டேன்னு கடை வச்சதுல இருந்து எங்கூடப் பேசுறதே இல்லக்கா. நாந்தான் காரணம்னு..."

அதற்குள் ஐரினின் போன் அடித்தது. "தண்ணி பாச்சிக்கிட்டு இருந்தேம்மா. குடிச்சாச்சு" என்றார் வெள்ளைத்துரை. அவள் போனை மகனிடம் நீட்டினாள்.

"அப்பா" என்றான் அவன்.

"ஆஸ்பத்திரியிலயா இருக்க? ஒனக்கு என்னடா ஆச்சு? அங்கேயே இரு, நான் வாரேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தபோது வெள்ளைத்துரை ஐரினிடம், "இனிமே காலையில எம்மகனுக்கே போனப் போடும்மா. அவன் எங்கிட்டக் கேட்டு ஒனக்குச் சொல்லுவான்" என்றார்.

"உங்க போனுக்கு என்னாச்சுங்க?"

"அது சரியா எடுக்க மாட்டேங்குது."

அவர் சட்டைப்பையில் போன் கணீரென்று அடித்துக்கொண்டிருந்தது.