சில்லு வைத்த தனி வீடு

என்னோடு உணவகச் சமையலறையில் வேலை செய்யும் ஒருவர் போன கிழமை தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு வெள்ளைக்காரச் சோடி கம்பிங் காரைக் கடற்கரையில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பி குடிக்கிறது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. "அண்ணை, இதிலை இருந்தால் வாடகையும் மிச்சம், ஒருத்தற்ற கரைச்சலும் இல்லை, என்ன?" என்றார். முதலில் வெங்காயத்தை வெட்டச் சொன்னேன். நான் அப்படியொரு வண்டிக்குள் நாலு குளிர்காலம் கழித்தவன் என்பது அவருக்குத் தெரியாது.

ஊரில் போர் முடிந்த வருடக் கடைசியில் பாரிசுக்கு வந்தேன். லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஆறு பேர். பகல் வேலைக்காரன் எழும்பிய கட்டிலில் இரவு வேலைக்காரன் வந்து படுப்பான். தலையணை ஒருநாளும் ஆறியதில்லை. அம்மாவோடு போனில் பேசி முடித்தால் மேல்கட்டிலில் இருந்து ஆலோசனை வரும், கொம்மாவுக்கு மூட்டுவலியென்றால் இன்ன எண்ணெய் பூசச் சொல்லு என்று. நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒரு மனிதனுக்கு அழவும் ஒரு மூலை வேண்டும். எனக்கு அது கழிப்பறையாக இருந்தது, அங்கேயும் கதவைத் தட்டுவார்கள்.

கையில் அகதி விசா வந்து, லைசென்ஸ் எடுத்து, சமையல் வேலையும் நிலைத்தபின் ஒரு பிரெஞ்சுக் கிழவரிடம் பழைய கம்பிங் கார் ஒன்றை வாங்கினேன். அவருடைய மனைவிக்குப் பயணம் அலுத்துவிட்டதாம். எனக்கோ பயணம் போகும் எண்ணமே இல்லை. இரண்டு வருடம் வாடகை கட்டாமல் இருந்தால் புறநகரான லெ பிளாங்-மெனிலில் ஒரு வீட்டுக்கு முற்பணம் சேர்ந்துவிடும், பிறகு எங்கள் ஆட்கள் எல்லோரையும்போல வங்கிக் கடனில் வாங்கலாம். அதுதான் என் திட்டம். அம்மாவிடம் தனி வீடு எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "பால் காய்ச்சினியோ மோனை?" என்று கேட்டா. காய்ச்சினேன் என்றேன். அது பொய்யில்லை. காஸ் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடுப்புக்கடியில் இருந்த பலகை நாறிப்போய், நாலு குளிர்காலமும் நாறியது. அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டா. ஊர் சொன்னால் லா சப்பலும் சொல்லும்.

மிச்சம் பிடித்தேனா என்று கேட்டால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். குளிருக்குக் காஸ், வண்டிக்குக் காப்புறுதி, கண்ட இடத்தில் நிறுத்தியதற்குத் தண்டம், பழசென்றபடியால் மாதத்துக்கொரு நோய். உடுப்புத் தோய்க்கக் காசு. குளிப்பு மட்டும் நகரசபைக் குளியலறையில் இலவசம், ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, அது அங்கே உள்ள மரியாதை. இடம் தேடி அலைவதுதான் பெரிய வேலை. சமையலறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, வண்டியைக் கிளப்பி, ஒபர்வில்லியேயில் மொத்தக் கடைகளின் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு மதிலோரம் கிடைக்குமா என்று சுற்றுவேன். களைப்பு என்றால் என்னவென்று அந்த வருடங்களில்தான் படித்தேன். நின்ற இடத்தில் வேர் பிடிக்காத களைப்பு அது, படுத்தாலும் போகாது.

தனிமையைப் பற்றியும் சொல்லவேண்டும். திரையைத் திறந்தால் தெருவே உள்ளே எட்டிப் பார்க்கும், ஆகவே பகலிலும் இருட்டுத்தான். என் தலைமாட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஆட்கள் நடப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், சில்லில் மூத்திரம் பெய்வார்கள். நான் இருமலை அடக்கிக்கொண்டு கிடப்பேன். கருவாடு பொரித்த நாளில் பொலிஸ் கதவைத் தட்டியது. அறையில் மற்ற ஐந்து பேருக்கு முன்னால் நான் நானாக இருந்தேன். இங்கே யாருமே இல்லாமல் ஒளித்துக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பூசணிக்காய்க்குள்ளேயே குடியிருந்தேன்.

எனக்கு வந்த கடிதங்களை லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருந்த, எங்கள் ஊர் அண்ணை ஒருவர் வாங்கி வைப்பார். புது வீட்டுக்கு ஒருநாள் வரவேணும் என்பார். வேலை அண்ணை, பிறகு பார்ப்போம் என்று நழுவுவேன். அம்மாவிடம் நழுவுவது அதைவிடக் கடினம். போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வீட்டைக் காட்டச் சொல்லுவா. நான் வண்டியின் ஒரே நல்ல பக்கத்தில், வெள்ளைப் பலகைக்கு முன்னால், அசையாமல் உட்கார்ந்து பேசுவேன். குசினி அந்தப் பக்கம், பல்ப் எரிந்துபோச்சு என்று ஏதாவது சொல்லுவேன். சில மாதங்களில் அம்மா கேட்பதை விட்டுவிட்டா. நம்பிவிட்டா என்று நிம்மதிப்பட்டேன். அதற்குப் பதிலாக வேறு கேள்விகள் வந்தன. மழைக்கு ஒழுகுதோ, காத்து அடிக்கேக்கை பயமில்லையோ, ராவிலை கதவைப் பூட்டிப்போட்டுத்தானே படுக்கிறாய் என்றெல்லாம். வயது போனதில் பழைய இடம்பெயர்வுக் காலமும் இந்தக் காலமும் கலந்துவிட்டதாக்கும் என்று நினைத்து எரிந்து விழுந்திருக்கிறேன்.

நாலாம் குளிர்காலத்தில் ஒரு காலை அக்கா ஊரிலிருந்து போன் எடுத்தா. அம்மா நித்திரையிலேயே போய்விட்டா. அகதி அட்டைக்காரன் எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர. அதனால் போவதா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடை அண்ணைக்குச் செய்தி சொன்னேன். அவர் விலாசம் கேட்டார், சனம் வரப்போகுது என்றார்.

அதை நான் யோசித்திருக்கவேயில்லை. எங்கள் ஆட்களில் ஒருவருக்கு ஊரில் தாய் தகப்பன் செத்தால், உடல் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் கிடந்தாலும், இங்கே அவருடைய வீடு செத்தவீடாகிவிடும். தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் வருவான், சமைத்த சாப்பாடு கொண்டுவருவான், தெருவில் கண்டு துக்கம் விசாரிக்க மாட்டான். கலியாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும். வீட்டைப் பற்றிப் பொய் சொன்னவனுக்கு, சாவு எல்லா வீட்டின் கதவையும் திறக்கும் என்பது மறந்துபோயிற்று. ஒருத்தரும் வரவேண்டாம் அண்ணை என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். உங்கள் வீட்டில் வைப்போம் என்றும் கேட்டுப் பார்த்தேன்.

"உன்ர அம்மாவின்ர செத்தவீட்டை நான் வைக்கேலாது. உன்ர வீட்டுக்குத்தான் சனம் வரும். இடம் எங்கை எண்டு சொல்லு," என்றார்.

மதிலோரத்தின் இருப்பிடத்தைப் போனில் அனுப்பிவிட்டு, வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா செத்த துக்கத்தைவிட இந்த வெட்கம் பெரிதாக இருந்தது. அதை நினைக்க இன்னும் வெட்கம்.

அண்ணை முதலில் வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சப்பாத்தை நடைபாதையில் கழற்றி வைத்துவிட்டு ஏறி, காஸ் சிலிண்டரைப் பூட்டினார். செத்தவீட்டில் அடுப்பு எரியக் கூடாது. மடிக்கும் மேசையில் அம்மாவின் படத்தை வைத்து ஒரு சின்ன விளக்குக் கொளுத்தினார். பிறகு கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் வேலை செய்கிறவர்கள், பழைய அறைக்காரர்கள், நான் பெயரறியாத ஊராட்கள் என்று வந்துகொண்டேயிருந்தார்கள். உள்ளே நாலு பேருக்குமேல் இடமில்லை, மற்றவர்கள் மதிலோரம் நின்றார்கள். எதிர்க் கிட்டங்கியின் சீனக்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார். ஒபர்வில்லியே நடைபாதையில் சப்பாத்து வரிசை நீண்டது. பின்னேரத்தில் ஒரு சோடி காணாமல் போக, அதற்குரியவர் காலுறையோடு பஸ் ஏறிப் போனார். வந்தவர்கள் எவரும் போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் அப்படிச் சொல்வதில்லை, எழும்பி இறங்கிப் போய்விட வேண்டியதுதான்.

மறுநாளும் சனம் வந்துகொண்டிருந்தபோது, ஊரில் உடலை எடுக்குமுன் அம்மாவின் முகத்தைக் காட்ட அக்கா வீடியோவில் எடுத்தா. அண்ணைதான் போனைப் பிடித்தார். அம்மாவின் நெற்றியில் திருநீறு, வாயைக் கட்டியிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, போனின் மற்றப் பக்கத்தில் அக்காவுக்கு என் தாழ்ந்த கூரையும் திரைச்சீலையும் தெரியும் என்பது சட்டென்று உறைத்தது. அண்ணையின் கையைப் பிடித்துத் திருப்பப் பார்த்தேன்.

"மறைக்காதை தம்பி," என்றா அக்கா. "அம்மாவுக்குத் தெரியும்."

அண்ணையின் கையை விட்டேன்.

"லொறி ஏதும் போகேக்கை உனக்குப் பின்னாலை சுவர் ஆடுறதைக் கண்டவ. வீட்டுச் சுவர் ஆடுமோடி, பெடியன் வானுக்கை கிடக்கிறான் எண்டு சொல்லி அழுதவ. அவன் தானாச் சொல்லுமட்டும் நீ கேளாதை, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

மழைக்கு ஒழுகுதோ என்ற கேள்வியும், காற்றுக்குப் பயமில்லையோ என்ற கேள்வியும், நான் எரிந்து விழுந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த நிமிடத்தில் என் முன்னால் வந்து நின்றன. ஊருக்குத் தெரியாமல், லா சப்பலுக்குத் தெரியாமல், எனக்கே தெரியாமல் என் மானத்தைக் காத்து வைத்திருந்தவ மனிசி. நான் தேடிப்போன தனிமை என்று ஒன்று இருந்திருந்தால், அதை எனக்குத் தந்தது அந்த வண்டியல்ல.

வெளியே கிட்டங்கிக்கு ஒரு லொறி வந்தது. வண்டி ஆடியது. மேசையில் அம்மாவின் படமும், போனைப் பிடித்திருந்த அண்ணையின் கையும் ஆடின. அக்கா அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தா. கதவு திறந்துதான் கிடந்தது, வெளியே சனம் நின்றது. எல்லோருக்கும் கேட்க அழுதேன்.