நிலா இல்லாத நாளில் நிறுத்திய வண்டி

அன்றைக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனவர்கள் நாலு பேர்: அம்மா, சித்தப்பா, சித்தி, நான். அப்பா இல்லை, அவருக்காகத்தான் போனோம். நிலாவும் இல்லை, அது தை அமாவாசை.

அப்பா ஆடியில் செத்துப்போயிருந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஐந்தாவதைத் தாண்டிய முதல் ஆள் என்பதால் எங்கள் ஊரான முசரவாக்கத்தில் எனக்குத் தகுதிக்கு மீறிய மரியாதை இருந்தது. மருந்துச் சீட்டானாலும் கரண்ட் அட்டையானாலும் என்னிடம்தான் வரும். புரியாததையும் புரிந்த முகத்தோடு வாசிப்பேன்.

போனது சித்தப்பாவின் குட்டியானையில். சின்ன லோடு வண்டிக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் அது. அப்பாவும் அவரும் சேர்ந்து தவணையில் எடுத்தது. ஐயம்பேட்டைப் பந்தல்காரருக்கு நாற்காலியும் சாமியானாவும் ஏற்றித்தான் இரண்டு வீட்டிலும் உலை கொதித்தது. அப்பா போன பின் என் படிப்பும் அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் ஓடியது.

வழியெல்லாம் நான் நிலாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அது வெறும் கல்லும் தூசும். அதில் தெரியும் கறுப்புத் திட்டுகள் நெருப்புக் குழம்பு ஓடி உறைந்த தரை. அவற்றுக்குக் கடல் என்று பெயர், ஆனால் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"தண்ணியில்லாத கடலா? நம்ம ஊரு ஏரியத் தூக்கினு போயி அங்க வெச்சிட்டானுங்களா?" என்றார் சித்தப்பா. அம்மாகூடச் சிரித்தாள். அப்பா போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

விடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி நிறுத்தும் இடத்தில் ஓர் ஆள் கட்டணச் சீட்டுக் கட்டோடு நின்றான். வண்டிக்கு ஐம்பது ரூபாய் என்றான்.

"அம்பதா? சாமி கும்புட வந்தமா, வண்டிய அடகு வெக்க வந்தமா?" சித்தப்பா வண்டியைத் திருப்பிக் குடிசைகளுக்கு நடுவே மணல் பக்கம் விட்டார். அந்த ஆள் பின்னாலேயே வந்தான். "மணல்ல உடாதண்ணே. அமாவாச. தண்ணி ஏறும்."

சித்தப்பா பிரேக்கை மிதித்தபடி என்னைப் பார்த்தார்.

"தண்ணி எதனாலடா ஏறுது?"

"நிலா இழுக்குது சித்தப்பா. புக்குல இருக்குது."

"இன்னிக்கு நிலா எங்க?"

"இல்ல."

"இல்லாத நிலா எப்பிடி இழுக்கும்? அம்பது ரூபாக்கு இன்னா கத உடுறான் பாரு."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் புத்தகத்தில் கடல் ஏறுவதைப் பற்றி இருந்தது ஒரே வரிதான். ஈரமாக இறுகிக் கிடந்த மணலில் வண்டியை நிறுத்தினார்.

கரையில் நல்ல கூட்டம். ஐயர் அப்பாவின் பெயரைக் கேட்டார். அம்மா கடலைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். முடிந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. அலை வந்து புடவையை நனைத்தது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி நனைத்தது, மறுபடி நகர்ந்தாள். அவளைக் கூப்பிட யாருக்கும் மனசு வரவில்லை. தண்ணீர் எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது வண்டிச் சக்கரங்கள் தண்ணீரில் நின்றன. சித்தப்பா ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தார். மிதிக்க மிதிக்கச் சக்கரம் மணலுக்குள் போனது. ஒவ்வோர் அலையும் திரும்பும்போது அடியிலிருந்த மணலை வாரிக்கொண்டு போனது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரைவர் இருக்கைக்கு அடியில் இருந்த இன்ஜின் ஒருமுறை இருமியது, அப்புறம் சத்தமில்லை. மீனவர்கள் டிராக்டர் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். சீட்டுக்காரனும் கயிறு பிடித்தான். அவன் எதுவும் சொல்லிக்காட்டவில்லை.

சித்தி மணலில் உட்கார்ந்து அழுதாள். "மாமா ஆச ஆசயா எடுத்த வண்டி. அவருதான் இழுத்துக்கினாரு."

எனக்குக் கோபமாக வந்தது. இல்லாத அப்பா எப்படி இழுப்பார்?

ஒன்பதாம் வகுப்பில்தான் மீதிப் பாடம் வந்தது. அமாவாசையன்று நிலா எங்கும் போய்விடுவதில்லை. பகலில், சூரியன் பக்கத்திலேயே, வெளிச்சம் படாத முகத்தை நமக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து இழுக்கின்றன. பௌர்ணமியைப் போலவே அன்றைக்கும் கடல் அதிகமாக ஏறும். அன்று சாயங்காலமே சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவர் இன்னொருவர் வண்டிக்குக் கூலி டிரைவர்.

"அப்போ அன்னிக்கும் மேலதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு சித்தப்பா. கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அன்றைக்கும் திட்டவில்லை, அதற்கு முன்னும் திட்டியதில்லை. வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார்: "அந்தாளு அம்பது ரூபாக்காகச் சொல்லலடா."

இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தும் வண்டி சித்திரை வரைதான் ஓடியது. பிறகு பழைய இரும்பு விலைக்குப் போனது. அம்மாவின் கம்மலும் போனது. இல்லாத வண்டிக்குச் சித்தப்பா இரண்டு வருஷம் தவணை கட்டினார். இரும்புக்காரன் கொடுத்ததைக் கழித்துப் பார்த்தால், அந்தக் காலைக்கு எங்களுக்கு ஆன செலவு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.