கொண்டை ஊசி வளைவில் திமிங்கல நிபுணர்கள்

ஜவ்வாது மலையின் கொண்டை ஊசி வளைவில் எங்கள் வேன் பாதையை அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் நாங்கள் எல்லோரும் அரிய அலகுத் திமிங்கலங்களைப் பற்றிப் பேச வந்த நிபுணர்கள். கடலோரத்தில் வெயில் அதிகமாம், கருத்தரங்கை மலைமேல் வைத்திருக்கிறார்கள்.

எதிரே ஆலங்காயம் போகும் பேருந்து ஹாரன் அடிக்கிறது. அதிலிருந்து ஓர் அம்மா இறங்கி வருகிறார்.

“இன்னா சார் இது? மாசமா இருக்கற மருமவள ஸ்கேனுக்கு கூட்டினு போவணும்.” வேனில் கட்டிய திமிங்கலப் படம் போட்ட பேனரைப் பார்க்கிறார். “இந்த மீனு எங்க கீது?”

எங்கள் தலைவருக்கு உற்சாகம். “ஆழ்கடல்லம்மா. எங்கெங்க வாழுதுன்னு சரியா தெரியாது. செத்துக் கரையொதுங்கினாதான் மேப்புல ஒரு புள்ளி வைப்போம்.”

“எங்க மலையும் அப்டித்தான் சார். யாராவது செத்தாதான் ஆபீசருங்க வர்றாங்க. இப்ப எறங்கித் தள்ளுங்க.”

“அற்புதம்! என் உரையை இந்த வரியிலதான் ஆரம்பிக்கப் போறேன்” என்று தலைவர் சிலிர்க்கிறார். நாங்கள் கை தட்டுகிறோம்.

பேருந்துப் பயணிகள் வேனைத் தள்ளுகிறார்கள். அந்த மருமகளும் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்கிறாள். கரையொதுங்கிய திமிங்கலங்களின் கனத்தோடு நாங்கள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம்.