ஒரே பெட்டியில் பதினோரு காதுகள்

மர்பி டவுனில் பிரிஸில்லாவைத் தெரியாத நாய் கிடையாது. பதினோரு வருடம் அல்சூர் சந்துகளில் கடிதம் கொடுத்த போஸ்ட்வுமன் அவள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். பிறகு இலாகா பரீட்சை எழுதினாள். முதல் தடவை மூன்று மார்க்கில் போயிற்று, இரண்டாம் தடவை ஒரு மார்க்கில். மூன்றாம் தடவை தேறியதும் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே டியூட்டிக்குப் போனாள். இன்று நாற்பத்து நாலு வயதில் தபால் துறையில் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ். சிறு கம்பெனிகளைத் தேடிப்போய், மாதம் இத்தனை பார்சல் கொடுத்தால் கட்டணத்தில் இவ்வளவு சலுகை என்று பேசி ஒப்பந்தம் போடுவது அவள் வேலை.

அப்படிப் போட்ட ஒப்பந்தங்களில் அவள் மனதுக்கு நெருக்கமானது மல்லேஸ்வரம் தமயந்தியுடையது. தமயந்தியும் நாலு பெண்களும் சேர்ந்து, காது கேட்காத பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் மெஷினுக்கு, காதுக்குள் கச்சிதமாகப் பொருந்தும் அச்சு செய்கிறார்கள். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் பிள்ளைகளின் காதில் ரோஸ் நிறப் பசையை வைத்து அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்கு வார்த்த அச்சு தபாலில் திரும்பிப் போகும். பிள்ளை வளர்ந்தால் காதும் வளரும். அச்சு தளர்ந்தால் மெஷின் கீச்சிடும். கீச்சிட்டால் பிள்ளை அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடும். அதனால் சில மாதத்துக்கொரு புது அச்சு வேண்டும், அதுவும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

ஏப்ரலில் ஒப்பந்தம் ஆயிற்று. கவரோ பெட்டியோ, மாதம் ஐந்நூறு உருப்படி குறையாமல் கொடுப்பது தமயந்தியின் பொறுப்பு. தினமும் சாயங்காலம் வாசலுக்கே வந்து எடுத்துப் போவதும் சலுகையும் தபால் துறையின் பொறுப்பு.

பிப்ரவரியில் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. இப்படிப் பேசிப் போட்ட ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் வருடம் ஒருமுறை பரிசீலிப்பார்கள். வாடிக்கையாளர் சொன்ன எண்ணிக்கை வந்ததா, சலுகை போக மிஞ்சும் கட்டணம் வேலைக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பார்கள். கட்டுப்படியாகாவிட்டால் அந்தச் சுமை கவுண்டரில் முழுக் கட்டணம் கொடுப்பவன் தலையில் விழும். பரிசீலனை நியாயமானது என்பதில் பிரிஸில்லாவுக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் காகிதத்தில் இருந்த எண்கள் அவளைத் தூக்கிவாரிப் போட்டன. ஜூன் வரை மாதம் ஐந்நூறுக்கு மேல். ஜூலையிலிருந்து முந்நூற்றுப் பத்து, இருநூற்றுத் தொண்ணூற்றைந்து, முந்நூற்று இரண்டு. ஒப்பந்தத்தை ரத்து செய்யப் பரிந்துரை. விளக்கம் இருந்தால் மூன்று வாரத்தில் நேரில் சொல்லலாம்.

அன்றைக்கே மல்லேஸ்வரத்துக்குப் போனாள்.

"இன்னா தமயந்தி, வேலை குறைஞ்சுடுச்சா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"குறையறதா? போன வருஷத்தைவிட ஜாஸ்தி மேடம். இந்த லதா கையைப் பாருங்க, அச்சைத் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் ரேகையே போயிடுச்சு."

"அப்புறம் எப்படிப் பாதியாச்சு?"

தமயந்தி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க? ஆனேக்கல் ஸ்கூலுக்கு நாலு கவர் தனித்தனியா வெச்சிருந்தேன். எதுக்கும்மா நாலு, ஒரே எடத்துக்குப் போறதை ஒரே பொட்டியில போடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னிலேர்ந்து எல்லாத்தையும் அப்படியே போடறோம்."

பிரிஸில்லா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஆமாம், சொன்னாள். சொன்னது மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் இல்லை, பழைய போஸ்ட்வுமனின் முழங்கால். ஒரே மாடிக்கு நாலு கவரைத் தனித்தனியாகக் கொடுத்து, நாலு கையெழுத்து வாங்கி இறங்கியவளின் முழங்கால்.

"விடுங்க மேடம். நாளைலேர்ந்து பழையபடி தனித்தனியா போட்டுடறேன். ஐந்நூறென்ன, எழுநூறே வரும்."

"எண்ணிக்கைக்காகப் பொட்டியை உடைக்கறதா? எவனோ ஒரு போஸ்ட்மேன் எழுநூறு தடவை கையெழுத்து வாங்கணும், நாம கணக்கு காட்டறதுக்கு. வேணாம்."

"அப்ப கான்ட்ராக்ட் போச்சுன்னா?" தமயந்தியின் குரல் இறங்கியது. "கூரியருக்குத்தான் போகணும். அவங்க தாலுகா ஊரோட நின்னுடுவாங்க. மிச்ச தூரத்துக்கு அந்தப் பிள்ளைங்களோட அம்மாங்கதான் ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறி வரணும்."

"போகாது" என்றாள் பிரிஸில்லா. எப்படிப் போகாது என்று அப்போது அவளுக்கே தெரியாது.

வீட்டில் அண்ணன் ஆம்ப்ரோஸ் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தான். எட்டாவதோடு நின்ற தச்சன். ஒரு பலகையை மூன்று முறை அளக்காமல் ரம்பத்தைத் தொடமாட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ சொன்னேன்னு யாருக்குத் தெரியும்? பார்ட்டி அவங்களா மாத்திட்டாங்கன்னு எழுது. உன் பேர் தப்பிக்கும்" என்றான்.

"பேர் தப்பிக்கும், ஒப்பந்தம் தப்பிக்காதேண்ணா."

"சரி, நீ சொன்னேன்னே எழுதினா ஒப்பந்தம் தப்பிச்சுடுமா?"

"அதை எழுதினாத்தான் மிச்சத்தையும் எழுத முடியும். ஒண்ணா போட்டதுல துறைக்கு வேலை குறைஞ்சிருக்கு. அதைக் காட்டணும்."

"எப்படிக் காட்டுவே?"

"எண்ணிட்டுத்தான்."

பன்னிரண்டு வேலை நாள் எண்ணினாள். தினம் சாயங்காலம் அலுவலகம் முடிந்து மல்லேஸ்வரம் போய், ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை அச்சு என்று நோட்டில் குறித்தாள். பெட்டி நூற்று நாற்பத்தெட்டு, அச்சு முந்நூற்று முப்பத்தொன்று. பழையபடி என்றால் முந்நூற்று முப்பத்தொரு தடவை துறையின் கை பட்டிருக்கும். தினமும் வரும் தபால் வண்டி சில நாள் மூன்றே பெட்டிக்காக வந்து போனதையும் குறித்தாள். அது தனக்கு எதிரான கணக்கு என்று தெரிந்தேதான் குறித்தாள்.

ஒரு சனிக்கிழமை லீவு போட்டு ஆனேக்கல் போனாள். ஆம்ப்ரோஸும் கூட வந்தான். "நீ எழுதறதுக்குள்ள நேரம் ஓடிடும், நான் பார்த்துச் சொல்றேன்" என்று போனில் நொடி பார்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். பள்ளியில் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே பதினோரு அச்சு. ஒரு ஸ்கேன், ஒரு கையெழுத்து.

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்" என்றான் ஆம்ப்ரோஸ்.

பிரிஸில்லா போஸ்ட்மேனை நிறுத்தினாள். "பதினோரு கவரா வந்தா எவ்வளவு நேரம் ஆகும்ப்பா?"

"அய்யோ மேடம், முன்னெல்லாம் அப்படித்தான் வரும். பதினோரு ஸ்கேன், பதினோரு சைன். முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சு, பிள்ளைங்க எல்லாம் என்னைச் சுத்தி நின்னு பேக்ல கை விடும்." அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சிரித்தான். "ஒரே பொட்டியில போடச் சொன்ன புண்ணியவான் யாரோ, சென்னாகிரலி, நல்லா இருக்கட்டும்."

"புண்ணியவான் இல்ல, புண்ணியவதி. இதோ நிக்கறா, அதுக்காகவே வேலை போயிடும்போல" என்றான் ஆம்ப்ரோஸ்.

பரிசீலனை நாளன்று மேஜைக்கு அந்தப் பக்கம் சுப்ரமணியன் இருந்தார். கணக்குப் பிரிவில் முப்பது வருடம் ஊறியவர். கோப்பைப் புரட்டியபடியே கேட்டார்.

"ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கும்மா?"

"மாசம் ஐந்நூறு உருப்படி சார்."

"வந்தது?"

"முந்நூறு சார்."

"அப்ப பேச என்ன இருக்கு?"

"ஒப்பந்தத்தை நான்தான் தப்பா எழுதினேன் சார். எண்ணிக்கையை எழுதினேன், எடையை எழுதலை. ஒண்ணா போட்டா எண்ணிக்கைதான் குறையும், எடை குறையாது. ஒண்ணா போடுங்கன்னு சொன்னதும் நான்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், முதல் பக்கம்."

சுப்ரமணியன் முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமல் நோட்டை எடுத்துப் பன்னிரண்டு நாளையும் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார். சரியாக வந்தது. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

"இன்னிக்கு உங்களுக்கு விட்டுக்கொடுத்தா, நாளைக்கு எண்ணிக்கை குறைஞ்ச ஒவ்வொரு கம்பெனியும் இதே கதையைச் சொல்லும்."

"சொல்லட்டும் சார். அவங்களும் பன்னிரண்டு நாள் எண்ணிட்டு வரட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வண்டி மூணு பெட்டிக்கு வந்து போறதையும் நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். தினம் வேணாம், வாரத்துல மூணு நாள் வந்தாப் போதும். பார்ட்டிகிட்ட பேசிட்டேன். சலுகையையும் குறைங்க. மாசக் கடைசியில எடையை வெச்சுப் பாருங்க. அப்படிப் பார்த்தா யார் தலையிலயும் சுமை விழாது. ஆறு மாசம் கொடுங்க, விழுந்தா நானே ரத்துக்கு எழுதறேன்."

பத்து நாளில் உத்தரவு வந்தது. ஒப்பந்தம் திருத்தப்பட்டது. சலுகை குறைந்தது, வண்டி வாரம் மூன்று நாள், அளவு எடைக் கணக்கில், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை. கூடவே, ஒப்பந்தம் எழுதுவதில் கவனம் தேவை என்று பிரிஸில்லாவுக்கு ஒரு வரி. அந்த வரியும் அவள் கையெழுத்திட்ட பக்கமும் கோப்பிலேயே இருக்கும்.

"அந்தப் பேப்பரை உருவிட முடியாதா?" என்றான் ஆம்ப்ரோஸ். "பிரமோஷன்போது குறுக்க வந்து நிக்குமே."

"நிக்கட்டும்ண்ணா. அடுத்து ஒப்பந்தம் எழுத உக்கார்றவங்க அந்தக் கோப்பைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க. முதல் பக்கத்துலயே தெரிஞ்சுக்கட்டும்."

திங்கட்கிழமை சாயங்காலம், திருத்திய ஒப்பந்தத்தின் முதல் வண்டி. தமயந்தியின் மேஜைமேல் ஏழு பெட்டி தயாராக இருந்தது. பிரிஸில்லா புது நோட்டில் தேதி போட்டு, முதல் பெட்டியைத் தராசில் வைத்தாள். முள் நின்றது. எழுதிக்கொண்டாள். பிறகு பெட்டியை எடுத்து மறுபடியும் வைத்தாள்.

"இப்பத்தானே பார்த்தீங்க மேடம்?" என்றாள் தமயந்தி.

"ஆறு மாசம் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டிக்குக் கை நீட்டினாள்.