பதினெட்டு ஜன்னல் பாட்டைப் பாடியவர்

எங்கள் அண்ணன் மலையேறிப் போய் முருகனிடம் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவர் படத்துக்குப் பூப்போட வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னதும் எனக்குக் கை நடுங்கியது. துக்கம் தாங்காமல் நடுங்குகிறேன் என்று எண்ணி அண்ணி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தார். மோரைக் குடித்துவிட்டேன். ஆனால் காரணம் அது இல்லை. அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நான் செய்த தப்பையும் எழுதியாக வேண்டும். நடுக்கம் அதற்கு.

அண்ணன் அம்மையார்குப்பத்தில் நெசவுக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நைனா காலமானபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஏழு. தறிச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திருத்தணிக்கு வந்து, ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராகச் சேர்ந்தார். எங்கள் தங்கைக்குத் திருமணம் செய்து வைத்தார். என்னைப் படிக்க வைத்தார்; படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் சந்நிதித் தெருவில் பாத்திரக் கடை வைத்துக் கொடுத்தார். அடுத்தவர் மனம் நோக அவர் பேசி நான் கேட்டதில்லை. என்னைத் தவிர. எனக்கு அது தேவைப்பட்டது.

பஸ் வந்துபோகும் நேரத்தை நோட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. ஊர்ப் பெயர்களைக் கூவியது அவராக விரும்பிச் சேர்த்துக்கொண்டது. “பள்ளிப்பட்டே... ஆர்.கே.பேட்டே...” என்று அவர் இழுத்தால், சோளிங்கர் போக வந்தவன்கூடப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவான். அப்படி ஒருநாள், சாமி கும்பிட வந்து பஸ்ஸைத் தவறவிட்ட சென்னை கிடார்க்காரர் ஒருவர் அந்தக் கூவலைக் கேட்டபடி இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். அடுத்த மாதமே ஒரு பாட்டோடு வந்தார். பள்ளிப்பட்டு பஸ்ஸுக்குப் பதினெட்டு ஜன்னல், அவள் முகம் எந்த ஜன்னலில் என்று ஒருவன் தேடுகிற பாட்டு. சினிமாப் பாட்டு இல்லை. தனி இசைத்தட்டுக்கான மெல்லிசைப் பாட்டு. இதை வேறு யாரும் பாடக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தார். இது அறுபதுகளின் நடுவில் நடந்தது.

ஒலிப்பதிவுக்குச் சென்னை போனோம். அண்ணிக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். கடற்கரை பார்க்க அவர் வந்தார். அவருக்குத் துணையாக நான். பாடும் அறையின் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் சத்தம் போடக்கூடாது என்று சொல்லி வைத்தார்கள். விளக்கு எரிந்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தெருக்கோடி டீக்கடை வரை ஓடினேன். அங்கே போய்ப் பார்த்தால் இருமல் இல்லை. வெறும் பயம்தான்.

அண்ணன் ஒரே தடவையில் பாடி முடித்துவிட்டு, மாலை டியூட்டிக்கு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். அப்புறம்தான் இசைத்தட்டுக் கம்பெனி எழுத்தர் காகிதத்தோடு வந்திருக்கிறார். இசைத்தட்டின் நடுவில் ஒட்டுகிற வட்டக் காகிதத்தில் அச்சடிக்கப் பாடியவர் பெயர் வேண்டும். வராந்தாவில் அண்ணி மட்டும் இருந்தார்.

“பாடினவர் பேர் இன்னாம்மா?”

புருஷன் பெயரை அண்ணி எப்படிச் சொல்வார்? எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லும் வழக்கமில்லை.

“அவருதாங்க.”

“அவருன்னா?”

“தயாளன்னு ஒருத்தன் இருக்கான் இல்லீங்க, அவனோட அண்ணன்.”

எழுத்தருக்கு அவசரம். காதில் விழுந்த ஒரே பெயரை எழுதிக்கொண்டார். அண்ணியை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் டீக்கடையிலிருந்து நான் திரும்பி வந்தேன். எழுத்தர் காகிதத்தை நீட்டி, “பேர் சரியா இருக்கா பாருப்பா” என்றார். தயாளன் என்று என் பெயர் இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. சட்டை போட்ட மனிதர் யார் காகிதம் நீட்டினாலும் “ஆங், சரிங்க” என்று சொல்லிவிடுவது என் பிறவிக்குணம். சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

இசைத்தட்டு பார்சலில் வந்தது. அண்ணன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னாடா தயாளா, எனக்குத் தெரியாம எப்போடா போய் பாடிட்டு வந்தே?”

நான் அழுதேன். அண்ணி அழுதார். கம்பெனிக்குக் கடிதம் எழுதலாம் என்றோம். “விடுங்க. பாட்டு ஓடினா பாத்துக்கலாம்” என்றார் அண்ணன். பாட்டு ஓடவில்லை. ஒரு முடிதிருத்தும் கடையில் மட்டும் கொஞ்ச நாள் சுற்றியது. அந்தக் கடைக்காரரும் ஊசி தேய்ந்த பிறகு வேறு ஊசி வாங்கவில்லை. ஊராருக்கெல்லாம் குடத்திலும் தூக்கிலும் பெயர் வெட்டிக் கொடுக்கிற நான், ஒவ்வொரு பெயர் வெட்டும்போதும் அந்த வட்டக் காகிதத்தை நினைத்துக்கொள்வேன். பெயர் வெட்டுகையில் என் கை ஆடுவதற்கு வயதைக் காரணம் சொல்லும் வாடிக்கையாளர்கள் இதை அறிக.

இருபது ஆண்டுகள் போயின. அண்ணனுக்குத் தொண்டையில் நோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. பேசினால் வெறும் காற்றுதான் வரும். டைம் கீப்பர் நாற்காலியில் அவர் மௌனமாக உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான், பழைய மெல்லிசைப் பாட்டுகளையெல்லாம் அந்த இசைத்தட்டுக் கம்பெனி கேசட்டில் வெளியிட்டது. பஸ்களில் டேப் மாட்டியிருந்த காலம். பஸ்ஸைப் பற்றிய பாட்டை எந்த டிரைவர் விடுவார்? பள்ளிப்பட்டு வண்டியில் ஆரம்பித்து, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய், ஊர் ஊராகப் பரவிவிட்டது. பிறந்தபோது யாரும் எட்டிப் பார்க்காத பாட்டு, இருபது வயதில் பெரிய மனுஷியானது.

“யாருண்ணே பாடினது? செம குரலு!” என்று புதிய கண்டக்டர் ஒருவர் அண்ணனிடமே கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். காற்று வந்தது. பஸ் போய்விட்டது. பக்கத்தில் நின்று இதைப் பார்த்தவன் நான்.

பிறகு கடிதம் வந்தது. இசைத்தட்டும் கேசட்டுமாகச் சேர்த்து விற்பனை ஓர் எல்லையைத் தாண்டியதால் ‘பதினெட்டு ஜன்னல்’ பாட்டுக்குத் தங்க இசைத்தட்டு வழங்குகிறோம், பாடகர் தயாளன் அவர்கள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.

“நீயே போய் வாங்கிக்கடா” என்றார் அண்ணன், அந்தக் காற்றுக் குரலில். “பேச்சே வராதவன் பாடினான்னா யார் நம்புவா?”

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. என்ன ஆனாலும் மேடையில் ஏறி உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். சொல்ல வேண்டியதை இருபது தடவை கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி நன்றாகக் கேட்டுக்கொண்டது.

சென்னையில் பெரிய மண்டபம். அண்ணனும் அண்ணியும் முன்வரிசையில் இருந்தார்கள். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளவென்று தங்க நிறத் தட்டு; அதன் கீழே பித்தளைத் தகட்டில் என் பெயர். மைக்கைக் கையில் கொடுத்து, “தயாளன் சார், ரெண்டு வரி பாடுங்க சார்!” என்றார் கம்பெனி அதிகாரி.

மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனேன். “அண்ணன்... அண்ணன்...” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏதோ தலைவரை வாழ்த்துகிறேன் என்று நினைத்துச் சபை கைதட்டியது.

அண்ணி எழுந்தார்.

“நிறுத்துங்க. பாடினது அவன் இல்லீங்க. அவன் குளிக்கிறப்பகூட பாடமாட்டான்.”

சபை சிரித்தது. அதிகாரி திகைத்துக் கீழே இறங்கி வந்து மைக்கை நீட்டினார். “அப்போ பாடினது யாரும்மா?”

அண்ணி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு சொன்னார். நைனா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து, முழுப் பெயரையும் சொன்னார். அந்தப் பெயர் இந்த மலரின் முதல் பக்கத்தில் அண்ணன் படத்தின் கீழ் இருக்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு நரைத்த தலை கூவியது: “அவரேதான்! ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஒரே டேக்ல பாடிட்டு ஓடினாரே!” கிடார்க்காரர். அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணனைக் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றினார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறுவதற்கு முன் அண்ணன் அவர் பக்கம் குனிந்து சொன்னது, நீட்டியிருந்த மைக் வழியாக மேடையில் எனக்கும் கேட்டது:

“என் பேரு இவ்ளோ நல்லா இருக்குமாடி?”

தகட்டை மாற்றித் தருவதாகக் கம்பெனியார் சொன்னார்கள். அண்ணன் என்னைக் கைகாட்டிவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் தகட்டைக் கழற்றி, பின்பக்கம் திருப்பி, என் கடையிலேயே அவர் பெயரை வெட்டினேன். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் மூன்றாவது எழுத்து கோணல். பிறகு வந்த கேசட்டுகளில் அட்டையிலும் அவர் பெயரே அச்சாயிற்று. அதில் கோணல் இல்லை.

நோய் மறுபடி வந்தபோது அண்ணன் அதிக நாள் படுக்கவில்லை. சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், அம்மையார்குப்பத்திலிருந்து மழையில் நடந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பஸ் டிரைவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். காரியம் முடியும்வரை திருத்தணி பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டியும் டேப் போடவில்லை. யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. பதினேழாம் நாள் அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா தயாளா, வண்டியெல்லாம் ஊமையா போய்கினு இருக்குது? போடச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். போட்டார்கள்.

இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போகும் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டு, யார் பாடினது என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால், முதல் பக்கத்தில் உள்ள பெயரைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். நான் சொல்ல முடியாது. மூத்தவர் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.